பூட்டிய வீட்டு ஓட்டு

மேனாம்பேட்டில் நாங்கள் இருக்கும் பக்கத்தில், வாசலில் பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆம்பளை உள்ளே தூங்குகிறான் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பகல் வேலைக்குப் போகிற பெண்சாதி வெளியே பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அப்படிப் பூட்டினால்தான் கேபிள்காரனோ, சோப்பு விற்கிறவளோ கதவைத் தட்ட மாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்கு அவசரம் என்றால் பின்கதவு இருக்கிறது. அது பொதுக் குழாயும் கக்கூஸும் இருக்கிற பின்சந்தில் போய்த் திறக்கும். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டின இந்த மாதிரி லைன் வீட்டில் வளர்ந்த எவனும் பூட்டின கதவைத் தட்ட மாட்டான். நானும் கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்படி ஒரு லைன் வீட்டில் இருந்தவன்தான். அதனால் இது எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். போகப்போக எனக்குத் தைரியம் குறைந்துவிடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பகல் வேலை. சின்ன வயசிலிருந்தே எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முதலாளி கூப்பிட்டால், அவர் மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் என்னென்ன தப்புப் பண்ணியிருப்போம் என்று மனசுக்குள் ஒரு பட்டியலே போட்டு முடித்திருப்பேன். இப்படிப்பட்ட ஆள் எதற்குக் கட்சி வேலைக்குப் போனாய் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அப்பாவின் ஓட்டால் வந்தது அது.

அப்பா செத்து நாலு மாதம் கழித்து ஒரு தேர்தல் வந்தது. நான் ஓட்டுப் போடப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே கட்சி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் ஒருவர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே, "உங்க நைனா காலீலயே வந்து குத்திட்டுப் போய்ட்டாரே" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"செத்துப் போன ஆளு எப்டியா வருவாரு?"

"எனக்கின்னா தெரியும்? டிக் அடிச்சிக்கீது."

பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "வுடு அண்ணாத்தே, உன்ன பாக்க வந்தவரு அப்டியே குத்திட்டு போயிருப்பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சைப் பிடித்து இழுத்தேன், காகிதம் பறந்தது, யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள், கடைசியில் ஒரு போலீஸ்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அப்பா இருந்த வரைக்கும், ஓட்டுப் போடுகிற நாளில் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி மாட்டிக்கொண்டு போவார். வேறு எதற்கும் அப்படிப் போனதில்லை. அந்த ஓட்டை எவனோ லுங்கியோடு வந்து போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து எங்கள் கட்சி வட்டச் செயலாளர் பட்டறை வாசலுக்கு வந்தார். "ஆத்திரப்பட்டா மட்டும் ஆச்சா? லிஸ்ட்ட சுத்தம் பண்ண ஆள் இல்லாமதான இந்தக் கூத்து. நீ வந்து உக்காரு" என்றார். ஒரு வாக்குச்சாவடிக்கான வாக்காளர் பட்டியலைப் பாகம் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளக் கட்சி வைக்கிற ஆள் பாக முகவர். அப்படி நான் பாக முகவர் ஆனேன். செத்தவர் பேரையும் போனவர் பேரையும் எடுத்துவிட்டால் கள்ள ஓட்டும் இல்லை, பெஞ்சை இழுக்கிற சண்டையும் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்புத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது வீடு வீடாகப் பட்டியல் சரிபார்க்கிற வேலை வந்தது. அரசாங்கம் சார்பில் எங்கள் பாகத்துக்குப் போட்டிருந்தது ஒரு அங்கன்வாடி டீச்சரை. குழந்தைகளுக்குச் சோறு போடவும் வேண்டும், தெருத்தெருவாகப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு சுற்றவும் வேண்டும். சர்க்கரை வியாதி வேறு. ஆயாவிடம் குழந்தைகளை விட்டுவிட்டுக் காலை பதினொரு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பிவிடுவார். நான் பட்டறையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு கூடப் போவேன். முதல் நாள் அப்பா பேரை நானே அடித்துக் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் நகலை வைத்து ஸ்டேப்ளர் அடித்தபோது நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது.

லைன் வீட்டுச் சந்துக்கு மூன்று தரம் போனோம். பதினாலு கதவு. மூன்று தரமும் அதில் நாலு கதவில் பூட்டு.

"இங்க உள்ளவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க? மூணு வாட்டி வந்தாச்சு" என்றார் டீச்சர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க இந்த ஏரியாதான? காலி பண்ணிட்டாங்களா, இருக்காங்களா? நீங்க சொல்றதத்தான் நான் எழுதணும்" என்றார்.

மூன்றாவது கதவு என் சிநேகிதன் வீடு. பதினாலு வயசில் நானும் அவனும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள். அப்பா பாடையை முன்பக்கம் பிடித்தவன் அவன்தான். இப்போது முலாம் பூசுகிற கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட். அவன் பெண்சாதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடும்.

அவன் அந்த நேரம் உள்ளேதான் இருந்தான். அவனுடைய செருப்பு வெளியே இல்லை, ஆனால் ஜன்னல் மேல் பலகையில் அவன் கம்பெனி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். என் போனில் அவன் நம்பர் இருந்தது. அடித்தால் தூக்கத்தில் எடுக்க மாட்டான், எடுத்தால் திட்டுவான். பின்சந்துக்குச் சுற்றிப் போகலாம். சாக்கடை தாண்டிப் போக வேண்டும், டீச்சருக்குக் கால் வீங்கியிருந்தது. எனக்குப் பர்மிஷன் முடிய இருபது நிமிஷம்தான் இருந்தது. முதலாளி முகம் வேறு கண்ணுக்குள் வந்து போனது. இந்தச் சாக்கெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்மை. அந்தச் சந்தில் பாதிப் பேர் எதிர்க்கட்சிக்குப் போடுகிறவர்கள். சிநேகிதனும்தான். அதை அவன் என்னிடமே சொல்லிச் சிரிப்பான். அந்த நிமிஷத்தில் அந்த நினைப்பு எனக்கு வரவே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஈ மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. விரட்டினேன். விரட்டிவிட்டு, "பூட்டியே கெடக்குது டீச்சர், காலி பண்ணிட்டாங்க போல" என்றேன்.

பேரை நீக்க ஏழாம் நம்பர் படிவம் என்று ஒன்று உண்டு. அதே தொகுதி வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட்டு, இன்னார் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒன்பது படிவம். இடம் மாறியவர் என்ற கட்டத்தில் டீச்சர் டிக் அடித்துக் கொடுத்தார். நான் அங்கன்வாடியில் தின்பண்ட மூட்டை மேல் வைத்து ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்துக் கோணலாக வரும். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, அழகாகப் போட்டேன்.

நாலைந்து நாள் மனசு உறுத்தியது. சிநேகிதனை டீக்கடையில் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன், "இன்னா மச்சான், எலெக்சன் ஆபீசரு ஆய்ட்டியாமே, சலாம் போடணுமா?" என்று நெற்றியில் கைவைத்தான். நானும் சிரித்தேன். எப்படியும் அவனுக்கு நோட்டீஸ் போகும், பதில் கொடுத்துக்கொள்வான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நோட்டீஸ் போகத்தான் செய்தது. லைன் வீட்டில் தபால்காரர் பூட்டிய வீட்டுக் கடிதத்தையெல்லாம் கரண்ட் மீட்டர் பலகைக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார். அங்கே லோன் கம்பெனிக் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு கத்தையாக இருக்கும். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நீக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் பேரோடு ஒரு பட்டியல் ஆபீஸ் பலகையில்கூட ஒட்டினார்கள். அதையும் யாரும் பார்க்கவில்லை.

தேர்தல் நாள் அன்று விடியும்போதே வெக்கை. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஏஜென்ட் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக வந்திருந்தவர் பாரிவாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மெஷினைத் திறந்து காட்டி, சீல் வைத்து, எல்லாம் ஒழுங்காகப் பண்ணினார். வாசலில் ரெண்டு போலீஸ்காரர், ஒரு துப்பாக்கிக்காரர். மூலையில் கேமரா. சண்டை வராமல் இருக்க என்னென்ன பண்ணலாமோ எல்லாம் பண்ணியிருந்தார்கள்.

ஏழே முக்காலுக்குச் சிநேகிதன் வந்தான். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். சட்டையில் ஆசிட் வாடை, கையில் எவர்சில்வர் தூக்கு, பக்கத்தில் பெண்சாதி. பட்டியல் வைத்திருந்த அதிகாரி பக்கத்தைப் புரட்டி, நிறுத்தி, அட்டையைத் திரும்பப் பார்த்தார். அவன் படத்தின் மேலும், அவள் படத்தின் மேலும் குறுக்கே நீக்கம் என்று அச்சாகியிருந்தது.

"உங்க பேர் நீக்கியிருக்கு."

"நீக்கிக்கீதா? எவன் நீக்கினான்? அட்டை கீது பாரு சார், மூஞ்சி கீது பாரு."

"அட்டை இருந்தா போதாதுப்பா. லிஸ்ட்ல இருக்கணும்."

"பதினெட்டு வருசமா இதே ரூம்ல போட்டுகினு கீறேன் சார்." அப்போதுதான் அவன் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "தோ, என் மச்சான் உக்காந்துகினு கீறான். அவனக் கேளு சார், நான் யாருன்னு. சொல்றா மச்சான்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான், "எனக்குத் தெரிஞ்சவர்தான் சார்" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஆனா லிஸ்ட்ல நீக்கியிருந்தா... ஒண்ணும் பண்ண முடியாது, இல்லீங்களா சார்?"

அவன் பெண்சாதி தோளைத் தொட்டு, "வா, வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்று வெளியே போனான்.

அரை மணி நேரத்தில் அந்தச் சந்திலிருந்து மீதி ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, குறுக்கே அடித்த படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால்தான். பேசுவதெல்லாம் கேட்டது. முதலில் திட்டினார்கள். பிறகு ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எவன் சொன்னான் என்று தெரியாது, யாரோ சொன்னான்: "வடக்கத்திக்காரனுங்க பேர ஏத்தணும்ல, அதுக்கு எடம் வேணாமா? நம்ம பேர எடுத்துட்டானுங்கோ."

பட்டியலில் ஒரு பேரைச் சேர்க்க இன்னொரு பேரை எடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. பஸ் சீட்டா அது? ஆனால் அந்த வெயிலில் அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். எட்டு வருஷமாக இங்கே இருப்பவர். பெண்டாட்டி பிள்ளை எல்லாம் இங்கேதான், பிள்ளை இதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. அவர் பேரைச் சேர்க்க ஆறாம் நம்பர் படிவத்தை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்குத்தான் அவருக்கு முதல் ஓட்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கடா உன் ஊரு? உனக்கு இங்க இன்னாடா ஓட்டு?"

"அண்ணா, நான் இங்கதான் அண்ணா. கார்டு இருக்கு. பாருங்க."

"எங்கிட்டயும்தான் கார்டு கீது. எனக்கு இல்லாத ஓட்டு உனக்கு எப்டிடா வந்துச்சு?"

அது என் சிநேகிதன் குரல்.

வாத்தியார் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். "நான் போனா இன்னும் கோபப்படுவாங்க. போலீஸ் போனா வேற மாதிரி ஆயிடும். நீங்க உள்ளூர்க்காரங்க, யாராவது போய் என்ன விஷயம்னு சொல்லிட்டு வாங்களேன். காரணம் தெரிஞ்சா அடங்கிடுவாங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க சிநேகிதர்தானே அவர்?"

எழுந்து போனேன். வராந்தா வரைக்கும் பதினோரு அடி இருக்கும். போகும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். பேரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். பூட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். அந்த ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. மூன்றே வாக்கியம். வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. இருபது முப்பது முகம். எல்லாம் தெரிந்த முகம். முன்பு வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவர்கள் நின்றிருந்தார்கள்.

"சொல்லு மச்சான். உள்ள உக்காந்துகினு கீறல்ல, நீயே சொல்லு. இன்னா நடந்துச்சு?" என்றான் சிநேகிதன். அவன் கேட்டதில் சந்தேகமே இல்லை. நான் அவன் பக்கத்து ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

என் வாயிலிருந்து, "விசாரிச்சுகினு கீறாங்கபா. மேல எழுதிப் போட்டுக்கலாம்" என்று வந்தது.

"மேலயா? எந்த மேல?" என்று பின்னாலிருந்து ஒருத்தன். "இவனும் அவங்கோ ஆளுதான். வுடு."

அந்தப் பீகார்க்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். வாக்காளர் சீட்டை நெஞ்சோடு பிடித்திருந்தார். என்னை அவருக்குத் தெரியும் என்பதால் என் பக்கமாக ஒரு அடி வைத்தார். "அண்ணா, நீங்கதானே என் பேரு..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், சீட்டு கிழிந்தது, அவர் கையை உதறினார், அது சிநேகிதன் பெண்சாதி மேல் பட்டது. சிநேகிதன் கையிலிருந்த தூக்கைச் சுழற்றிவிட்டான். அது பீகார்க்காரர் காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. மூடி கழன்று, மிச்சம் வைத்திருந்த பழைய சோறு அந்த வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது. ரத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

தடியடி என்று சொல்லுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் வாசல் காலியாகிவிட்டது. ஓட்டுப் பதிவு நாற்பது நிமிஷம் நின்று மறுபடி ஆரம்பித்தது. நான் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வருகிறவர்கள் பேரில் டிக் அடித்தேன். கடைசியில் வாத்தியார் கொடுத்த கணக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மெஷின் கணக்கும் புத்தகக் கணக்கும் சரியாக இருந்தது. கள்ள ஓட்டு ஒன்றுகூட இல்லை. செத்தவர் பேரில் யாரும் போடவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே நடந்தது.

சிநேகிதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காயம் ஏற்படுத்தியது, தேர்தல் வேலையைத் தடுத்தது என்று கேஸ். இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். கேஸ் இருக்கிற ஆளை உள்ளே விட மாட்டோம் என்று கம்பெனி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பீகார்க்காரருக்கு இடது காது போய்விட்டது. வெல்டிங் கடையில் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்கவில்லை என்று ஓரங்கட்டினார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பட்டியலில் அவர் பேர் மட்டும் இன்னும் இருக்கிறது. உண்மையிலேயே இடம் மாறியவர் அவர் ஒருத்தர்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. டீச்சரை நான் தெருவில் பார்த்தால் அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார், நான் இந்தப் பக்கமாக. வட்டச் செயலாளர் மட்டும், "நீ ரூல்படிதான் செஞ்ச, மனசுல வெச்சிக்காத" என்றார். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் சிநேகிதன்தான், தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான் என்று எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டியது அவன் பெண்சாதி. என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கையில் ஒரு கத்தை. மீட்டர் பலகைக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு வந்திருந்தது. அதில் அந்த நோட்டீஸும் இருந்தது. உறை பிரிக்காமல்.

"அண்ணா, வக்கீல் சொல்றாரு, பேர எடுக்கச் சொல்லி யாரோ எழுதிக் குடுத்துக்கறாங்களாம். யாருன்னு கேட்டா சொல்லித்தான் ஆவணுமாம். அது தெரிஞ்சா கேசுக்கு நல்லதாம். ஊட்டுல இருந்த ஆள இல்லன்னு எழுதினவன் யாருன்னு ஜட்ஜுக்குக் காட்டலாமாம். எனக்கு எழுதத் தெரியாது. எங்க ஊட்டுக்காரு ஒண்ணும் சொல்லாம மோட்டுவளையப் பாத்துகினு படுத்துக்கீது. நீங்கதான் எலெக்சன் வேலயெல்லாம் தெரிஞ்சவரு. ஒரு மனு எழுதிக் குடுண்ணா."

மனைவி காபி போடப் போனாள். நான் பேப்பர் எடுத்தேன். எட்டாவது படித்தவன் எழுத்து எப்படி இருக்கும்? நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில் சரியாக வந்தது. பாகம் எண், வரிசை எண், ஏழாம் நம்பர் படிவத்தின் நகலும் அதில் கையெழுத்துப் போட்டவர் பேரும் வேண்டும் என்று தகவல் கேட்கும் மனு. எனக்கு எல்லா நம்பரும் மனப்பாடம். அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அது எழுத்துக்கூட்டிப் போட்டது. "நல்லா இருப்பண்ணா" என்று சொல்லிவிட்டு, காபிக்குக்கூட நிற்காமல் போனது. நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால்தான் கையால் எழுதினேன் என்று நினைக்கிறேன். காகிதமே போய்ச் சொல்லட்டும் என்று.

அதற்கப்புறம் தினமும் பட்டறைக்கு அந்தச் சந்து வழியாகப் போனேன். சுற்றுவழிதான். மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் பதினொரு மணி இருக்கும், சாமான் வாங்கப் போனவன் திரும்பும்போது பார்த்தேன். பழுப்பு உறை. அரசு முத்திரை. நாலு மடிப்பாகச் செருகியிருந்தது. மூன்றாவது கதவில் பூட்டு தொங்கியது. சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எடுத்து ஜோபியில் போட்டுக்கொண்டால் முடிந்தது. தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கையை நீட்டி எடுக்கவும் எடுத்துவிட்டேன். கனமே இல்லை. உள்ளே ரெண்டு தாள்தான் இருக்கும்.

அன்றைக்கு டீச்சரோடு நின்ற அதே இடம். ஜன்னலில் சாக்ஸ் இல்லை. கம்பெனியே இல்லையே, சாக்ஸ் எங்கிருந்து வரும்.

பூட்டின கதவைத் தட்டினேன்.

"யார்ரா அது? பூட்டிக்கீறது தெரில?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான். பின்னால வா."

சாக்கடையைத் தாண்டிப் பின்சந்துக்குப் போனேன். தாழ்ப்பாள் திறந்தது. லுங்கியோடு நின்றான். இளைத்திருந்தான். உறையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான். "நீயே படிச்சிடு. கண்ணாடி இல்ல." கண்ணாடி சும்மா சாக்கு, அவனுக்கு வாசிப்பு அவ்வளவாக வராது. பிரித்தேன். முதல் தாளில் ஆபீஸ் பாஷை. ரெண்டாவது தாளில் படிவத்தின் நகல். அதில் என் பேர், என் விலாசம், என் கையெழுத்து. மனுதாரர் பேரிலிருந்து ஆரம்பித்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். என் பேர் வந்த இடத்தையும் வாசித்தேன்.

குழாயடியில் யாரோ குடம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அடிப்பான் என்று நின்றேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எத்தினி மணிக்கு வந்த அன்னிக்கி?" என்று கேட்டான்.

"இதே நேரம்தான்."

"முழிச்சிகினுதான் இருந்தேன்" என்றான். "வெளிய பேச்சு கேட்டுச்சு. உன் கொரலு மாதிரி கீதேன்னு நெனச்சேன். நீயா இருந்தா பின்னால வருவன்னு பாத்தேன்."

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டான்.

கேஸ் இன்னும் நடக்கிறது. அந்த நகலை வக்கீல் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார், என்னையும் கூப்பிடுவார்கள் என்கிறார்கள். போவேன். பாக முகவர் வேலையை விட்டுவிட்டேன். அடுத்த சரிபார்ப்பு வந்தபோது டீச்சரிடம் போய், லைன் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள், பூட்டி இருந்தால் பின்பக்கம் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். போனாரா என்று தெரியாது.

பேரைத் திரும்பச் சேர்க்கிற படிவம் ரெண்டு வாங்கி, போட்டோ ஒட்டி, எல்லாம் எழுதி அவன் பெண்சாதியிடம் கொடுத்தேன். அது தன்னுடையதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இன்னொன்றைத் திருப்பி என் கையிலேயே வைத்தது. "எங்க ஊட்டுக்காரு வேணாங்குது, ண்ணா. எம்மேலயும் கோவமா கீது, நான் கையெழுத்துப் போட்டதுக்கு" என்றது. அந்தப் படிவம் என் வீட்டு அலமாரியில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் பக்கத்தில் இருக்கிறது. போட்டோ ஒட்டியிருக்கிறது, விலாசம் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும் காலி.